பெரிய பாய் கட்டினால் கோப்பை வந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிட்னி–ஹோபர்ட் பாய்மரப் படகுப் போட்டி பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த செய்தியையும், அதைத் தொட்டு ஒரு வாசகர் எழுதியிருந்த கடிதத்தையும் படித்தேன். முதலில் கரை சேர்ந்த படகுதான் சாம்பியன் என்கிறது செய்தி. வாசகரோ இன்னும் ஒரு படி மேலே போய், ஹேண்டிகேப் கோப்பை (படகின் வேகத் திறனுக்கு ஏற்ப நேரத்தைத் திருத்திக் கணக்கிட்டுத் தரும் கோப்பை) என்பது தோற்றவர்களுக்குத் தரும் ஆறுதல் பரிசு என்றும், காசுள்ளவன் பெரிய ஸ்பின்னேக்கர் பாய் வாங்கிக் கட்டினால் ஜெயித்துவிட்டுப் போகிறான் என்றும் எழுதியிருக்கிறார். இரண்டும் தவறு. இரண்டாவது தவறு பலருடைய பணத்தைக் கரைக்கும் தவறு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

1945 முதல் நடந்துவரும் போட்டி இது. டிசம்பர் 26 அன்று சிட்னி துறைமுகத்தில் கிளம்பி 628 கடல் மைல் தெற்கே போய் டாஸ்மேனியாவின் ஹோபர்ட்டில் முடியும். முதலில் கரை தொடுபவருக்கு 'லைன் ஆனர்ஸ்'. ஆனால் போட்டியின் தலையாய பரிசான டாட்டர்சால் கோப்பை, ஐ.ஆர்.சி. என்ற ஹேண்டிகேப் முறைப்படி திருத்திய நேரத்தில் முந்தி வரும் படகுக்கே போகிறது. 2023-இல் 100 அடிப் படகுகளான லா-கனெக்ட்டும் கோமாஞ்சியும் மோதி, வெறும் 51 விநாடியில் லா-கனெக்ட் முந்தியது. உலகமே அந்தக் காட்சியைப் பார்த்தது. கோப்பையை வாங்கியது அவற்றுக்குப் பின்னால் வந்த 66 அடிப் படகான அலைவ். ஒவ்வொரு படகுக்கும் ஒரு பெருக்கெண் உண்டு. ஓடிய நேரத்தை அதால் பெருக்குவார்கள். பெருக்கெண் 1.400 உள்ள பெரிய படகு 48 மணி நேரத்தில் வந்தால் கணக்கில் அது 67.2 மணி. பெருக்கெண் 1.000 உள்ள சின்னப் படகு 66 மணியில் வந்தால் 66-தான். சின்னப் படகு ஜெயித்தது. (எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை.) இதில் ஆறுதல் எங்கே இருக்கிறது? செய்தி போடும்போது ஓடிய நேரம், பெருக்கெண், திருத்திய நேரம் மூன்றையும் ஒரே பட்டியலாகப் போட்டால் வாசகர்களே புரிந்துகொள்வார்கள். போட்டியின் இணையதளத்திலேயே கிடைக்கும்.

இனி ஸ்பின்னேக்கர். காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது படகின் முன்னால் பலூன் போல உப்பிக்கொண்டு நிற்கும் வண்ணப் பாய் அது. இரண்டு வகை. இடமும் வலமும் ஒரே அளவான சமச்சீர்ப் பாய், பாய்மரத்திலிருந்து பக்கவாட்டில் நீட்டிய கழியின் முனையில் நிற்கும். கழியைக் காற்றின் பக்கம் இழுத்துவிட்டுப் படகு கிட்டத்தட்ட காற்று போகும் திசையிலேயே போகலாம். சமச்சீரற்ற பாய்க்குக் கழி வேண்டாம். படகின் மூக்கிலிருந்து நீளும் ஒரு கம்பத்தின் நுனியில், அதாவது பௌஸ்பிரிட்டில், அதன் முன்மூலை கட்டப்படும். ஆள் குறைவாக இருந்தாலும் கையாளலாம். ஆனால் நேர் பின்காற்றில் மெயின் பாயின் (பாய்மரத்தோடு நிற்கும் முதன்மைப் பாயின்) நிழலில் விழுந்து துவண்டுவிடும். அதனால் படகு கோணம் மாற்றி மாற்றி வளைந்து போகவேண்டும்.

எதை எடுத்தாலும், எவ்வளவு பெரிதாக எடுத்தாலும், ரேட்டிங்கில், அதாவது படகுக்குத் தரும் ஹேண்டிகேப் எண்ணில், அதற்கு விலை உண்டு. மறக்கக்கூடாதது ஒன்றுதான்: ஸ்பின்னேக்கர் வேலை செய்வது பந்தயத்தின் ஒரு பகுதியில் மட்டும்; ரேட்டிங் கழிவது பந்தயம் முழுக்க. மூன்று நாள் விழாவுக்காகக் கல்யாண மண்டபத்தை மாதம் முழுக்க வாடகைக்கு எடுப்பது மாதிரி. மூன்று நாளில் மொத்த வாடகையையும் ஈடுகட்ட முடியுமா என்பதே கேள்வி.

அமெரிக்காவில் கிளப் பந்தயங்களில் பரவலாக இருக்கும் பி.எச்.ஆர்.எஃப். முறையில் இந்தக் கணக்கு துலக்கமாகத் தெரியும். அங்கே ரேட்டிங் என்பது ஒரு கடல் மைலுக்கு இத்தனை விநாடி என்ற சலுகை. எண் குறைந்தால் சலுகை குறைந்தது என்று பொருள். வழக்கமான அளவுக்குள் இருக்கும் ஸ்பின்னேக்கருக்குக் கழிவு இல்லை: அகலம், பாய்மரத்துக்கும் முன்தாங்கு கம்பி தளத்தைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரத்தைப்போல் 1.8 மடங்கு, கழியின் நீளம் அதே தூரம், பாயின் உயரம், முன்முக்கோணத்தின் (பாய்மரம், முன்தாங்கு கம்பி, தளம் மூன்றுக்கும் நடுவே உள்ள முக்கோணத்தின்) உயரத்தையும் அடியையும் வர்க்கித்துக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 0.95-ஆல் பெருக்கிய அளவு. முன்முக்கோணத்தின் உயரம் 12 மீட்டர், அடி 4 மீட்டர் என்றால் பாயின் அகலம் 7.2 மீட்டர், உயரம் 12 மீட்டர், கழி 4 மீட்டர். இதைத் தாண்டினால் உள்ளூர் கமிட்டி பொதுவாக 3, 6 என்று மூன்றின் மடங்குகளில் விநாடியைக் கழிக்கும். எந்த அளவுக்கு எத்தனை விநாடி என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு. பக்கத்து வட்டாரத்துப் பட்டியலை நம்பிப் பாய் தைக்கக் கூடாது.

6 விநாடி கழித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். காற்றை எதிர்த்து 3 மைல், காற்றோடு 3 மைல் என 6 மைல் பந்தயம். கழிவு 36 விநாடி. ஈடுகட்ட இருப்பது காற்றோடு போகும் 3 மைல் மட்டும். ஆக மைலுக்கு 12 விநாடி மிச்சப்படுத்தியாக வேண்டும். 6 நாட், அதாவது மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் ஒரு மைலுக்கு 600 விநாடி ஆகும். 12 விநாடி என்றால் 2 சதவீதம். 4 நாட் வேகத்தில் 900 விநாடி, 1.3 சதவீதம் போதும். இதுவே 20 மைல் தொலைதூரப் பந்தயமாகவும், அதில் 4 மைல் மட்டும் பின்காற்றாகவும் அமைந்தால் கழிவு 120 விநாடி, ஈடுகட்டவேண்டியது மைலுக்கு 30 விநாடி. 6 நாட் வேகத்தில் அது 5 சதவீதம். ஸ்பின்னேக்கர் பரப்பைப் பத்து சதவீதம் கூட்டி ஐந்து சதவீத வேகம் எடுக்க முடியுமா? முடியாது.

ஏன் முடியாது? மெல்லிய காற்றில் நீரின் தடை ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. மொத்தப் பாய்ப் பரப்பையும் பத்து சதவீதம் கூட்டினாலே வேகம் ஐந்து சதவீதம்தான் கூடும். நாம் கூட்டுவது ஸ்பின்னேக்கரை மட்டும். மெயின் பாய் அப்படியே இருக்கிறது. மூன்று சதவீதம் கிடைத்தால் அதிர்ஷ்டம். காற்று 15 நாட்டைத் தாண்டிவிட்டால் அதுவும் இல்லை. கனமான படகு தன் நீர்க்கோட்டு நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கிய வேகத்தை நெருங்கியதும் தான் எழுப்பிய அலைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். நீர்க்கோடு 27 அடி என்றால் அந்த எல்லை 7 நாட். அதற்குமேல் எவ்வளவு துணியைத் தூக்கினாலும் படகு உருளுமே ஒழிய ஓடாது. ஆக, பெரிய பாய் என்பது மென்காற்று வட்டாரத்துக்கும், பாதியாவது பின்காற்று உள்ள தடத்துக்கும்தான் பொருத்தம். பலத்த காற்று அடிக்கும் ஊரில் அளவை மீறி வாங்குபவர், தனக்கு உதவாத பாய்க்கு ஒவ்வொரு மைலிலும் வாடகை கட்டுகிறார்.

திருத்தும் முறையையும் பார்க்க வேண்டும். தூரத்தை வைத்துத் திருத்தினால் மேலே சொன்ன 36 விநாடி, காற்று எப்படி இருந்தாலும் 36-தான். நேரத்தை வைத்துத் திருத்தும் கிளப்புகளில், 650-ஐ 550-உம் ரேட்டிங்கும் சேர்ந்த தொகையால் வகுத்துப் பெருக்கெண் எடுப்பது சகஜம். ரேட்டிங் 120 என்றால் 0.9701, 114 என்றால் 0.9789. வித்தியாசம் 0.0088. பந்தயம் 65 நிமிடத்தில் முடிந்தால் அது 34 விநாடி. காற்று செத்து 90 நிமிடம் இழுத்தால் 47 விநாடிக்கு மேல். பெரிய பாய் பலன் தரும் மென்காற்று நாளில்தான் கழிவும் கூடுகிறது பாருங்கள். தூரத்தை வைத்துத் திருத்தும் கிளப்பில் பெரிய பாய் லாபமாகத் தெரிந்தவர், நேரத்தை வைத்துத் திருத்தும் கிளப்புக்குப் போய்க் கையைச் சுட்டுக்கொள்வது இதனால்தான். ஆஸ்திரேலியக் கிளப்புகளில் இருக்கும் பி.எச்.எஸ். இன்னொரு ரகம். அது கடந்த பந்தய முடிவுகளை வைத்தே மாறிக்கொண்டிருக்கும். புதுப் பாயோடு வரிசையாக ஜெயித்தால் ஹேண்டிகேப்பும் பின்னாலேயே ஏறிவரும்.

ஐ.ஆர்.சி.க்கு வருவோம். பிரிட்டனின் ஆர்.ஓ.ஆர்.சி. கிளப்பும் ஒரு பிரெஞ்சுக் கடற்பந்தய அமைப்பும் சேர்ந்து நடத்தும் முறை. பெருக்கெண் வரும் சூத்திரம் ரகசியம். ஆனால் பாயின் பரப்பை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. முன்விளிம்பு, பின்விளிம்பு நீளங்களின் சராசரியை எடு. அடிவிளிம்போடு நடு அகலத்தின் நான்கு மடங்கைக் கூட்டி ஐந்தால் வகு. இரண்டையும் பெருக்கி 0.83-ஆல் பெருக்கு. முன்பு சொன்ன 12 மீட்டர் உயர, 7.2 மீட்டர் அகலப் பாயின் பரப்பு 71.7 சதுர மீட்டர். அடிவிளிம்பில் 20 செ.மீ. கூட்டினால் 72.1, நடு அகலத்தில் அதே 20 செ.மீ. கூட்டினால் 73.3. நடு அகலத்துக்கு நான்கு மடங்கு எடை இருப்பதை மறந்து, 'தோள் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும்' என்று பாய் தைப்பவரிடம் சொல்லிவிட்டு, பிறகு படகின் பெருக்கெண் எழுதிய சான்றிதழைப் பார்த்து முழிப்பவர்கள் உண்டு.

பெருக்கெண் 0.006 ஏறினால் என்ன ஆகும்? இரண்டு மணி நேரப் பந்தயத்தில் 43 விநாடி. மூன்று நாள் ஓடும் ஹோபர்ட் பந்தயத்தில் ஏறத்தாழ 26 நிமிடம். அந்தத் தடத்தில் நியூ சவுத் வேல்ஸ் கரையோரம் வடகிழக்குக் காற்று நின்றால் ஸ்பின்னேக்கரில் பறக்கலாம். தெற்கிலிருந்து திடீர்ப் புயற்காற்று திரும்பினால் அத்தனையையும் சுருட்டி உள்ளே போட்டுவிட்டு மணிக்கணக்கில் எதிர்க்காற்றில் அடிபட வேண்டும். ஒரு வருடம் பாதித் தூரம் ஸ்பின்னேக்கர் நிற்கும். இன்னொரு வருடம் நாலில் ஒரு பங்குகூட நிற்காது. சான்றிதழில் உள்ள பெருக்கெண் இரண்டு வருடமும் ஒன்றே.

ஐ.ஆர்.சி.யில் புத்தியுள்ளவர்கள் பயன்படுத்தும் ஒரு வசதி இருக்கிறது. கணக்கில் வருவது படகில் இருக்கும் ஸ்பின்னேக்கர்களில் மிகப் பெரியதன் பரப்பு. மொத்தம் மூன்று பாய் வரை எண்ணிக்கைக்காக ரேட்டிங் ஏறாது. நான்காவது வந்தால் ஏறும். ஆகவே சான்றிதழில் எழுதிய முழுப் பரப்பையும், அது பலன் தரும் மென்காற்று, நடுத்தரக் காற்றுப் பாய்க்கே கொடுக்க வேண்டும். பலத்த காற்றுக்கான பாயைத் தாராளமாகச் சின்னதாகவும் தோள் குறுகலாகவும் தைக்கலாம். அதற்காக ரேட்டிங் ஒரு பைசாகூட ஏறாது. துணியும் அதற்கேற்ப: மென்காற்றுக்கு அரை அவுன்ஸ் நைலான், பொதுவாக முக்கால் அவுன்ஸ், முரட்டுக் காற்றுக்கு ஒன்றரை அவுன்ஸ். மூன்றில் எதை முதலில் வாங்குவது என்று கேட்டால், முக்கால் அவுன்ஸில் நடுத்தரக் காற்றுக்கான பாய் என்பேன். அடுத்தது முரட்டுக் காற்றுப் பாய். அரை அவுன்ஸ் கடைசி. அது கை நகம் பட்டாலே கிழியும் சாமான்.

நடு அகலம், அடிவிளிம்பில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் ஐ.ஆர்.சி. அதை ஸ்பின்னேக்கர் என்று ஏற்கும். பக்கக் காற்றுக்கான கோட் ஜீரோ பாய்கள் இந்த எல்லையைத் தொட்டுக்கொண்டு தைக்கப்பட்டு, பின்விளிம்பு படபடவென்று அடித்துக்கொண்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். தையல்காரர் பிழை அல்ல, விதியின் விளைவு. சில ஆண்டுகளாக 'ஃப்ளையிங் ஹெட்செயில்' என்று தனி வகை வந்திருப்பதால் இந்தக் கோமாளித்தனம் குறைந்திருக்கிறது. பழைய கோட் ஜீரோவை வாங்குபவர் அது எந்த வகையில் அடங்கும் என்று கேட்டுவிட்டு வாங்கட்டும்.

கழியா, பௌஸ்பிரிட்டா என்ற விவாதம் கிளப்புக்குக் கிளப் நடக்கிறது. இதையும் கணக்கால் தீர்க்கலாம். நேர் பின்காற்றுத் திசையிலிருந்து 10 டிகிரி விலகினால் தூரம் 1.5 சதவீதம் கூடும். 20 டிகிரிக்கு 6.4, 30 டிகிரிக்கு 15.5, 40 டிகிரிக்கு 30.5. மேலே சொன்ன 27 அடி நீர்க்கோடு உள்ள, 33 அடி நீளக் கனப் படகு 15 நாட் காற்றில் கழியோடு 15 டிகிரி விலகி 6.4 நாட் ஓடுகிறது என்றால், குறியை (சுற்றித் திரும்ப வேண்டிய மிதவையை) நோக்கி அது நெருங்கும் வேகம் 6.2. பௌஸ்பிரிட்டோடு 32 டிகிரி விலகவேண்டியிருந்தால் அதே நெருக்க வேகத்துக்கு 7.3 நாட் ஓட வேண்டும். அதன் எல்லையே 7 என்று பார்த்தோம். கதை முடிந்தது: இந்தக் காற்றில் இந்தப் படகுக்குக் கழிதான். 7 நாட் மென்காற்றில் கழி வைத்த படகும் வேகம் வேண்டி 30 டிகிரி விலகித்தான் ஆக வேண்டும். பௌஸ்பிரிட் படகு 37 டிகிரி விலகினாலும் வித்தியாசம் எட்டு சதவீதம்தான், நீளமான முன்விளிம்பு அதை ஈடுகட்டிவிடும். எடை குறைந்த, அலைமேல் ஏறி வழுக்கும் படகுகளுக்கோ எல்லையே கிடையாது; அவை கோணம் எடுத்துப் பறப்பதே லாபம், அவற்றில் கழியைத் தேடுவது வீண்.

ஆகவே பழைய கனப் படகில் பௌஸ்பிரிட் பொருத்தப்போகிறவர், வேகத்துக்காக அல்ல, ஆள் பற்றாக்குறைக்காகப் பொருத்துகிறேன் என்று தெரிந்து பொருத்த வேண்டும். கழிப் பாய்க்கு முன்தளத்தில் ஒருவர், பாய்மரத்தடியில் ஒருவர், கயிற்றுக் குழியில் ஒருவர், பாய் இழுக்க இருவர், சுக்கானில் ஒருவர் என ஆறு பேர் வசதி. மற்றதற்கு நால்வர் போதும். நியாயமான காரணம்தான். ஆனால் கம்பத்தை மட்டும் மாட்டினால் வேலை முடியாது. பாய் அதை மேல்நோக்கி இழுக்கும். நுனியிலிருந்து நீர்மட்டத்துக்கு அருகே ஒரு கீழ்த்தாங்கு கயிறு இல்லையென்றால் அணியத்துத் தளமே, அதாவது படகின் முன்பகுதித் தளமே பிளக்கலாம். பாயைத் தூக்கும் ஹால்யார்ட் முன்தாங்கு கம்பிக்கு மேலே, அதற்கு முன்னால் வெளிவர வேண்டும்; கீழே வந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் கம்பியில் உரசி நைந்து அறும். முன்தாங்கு கம்பி பாய்மரத்தின் உச்சிவரை போகாத படகில் உச்சியிலிருந்து ஸ்பின்னேக்கர் ஏற்றினால் மேல்பகுதி முன்னால் வளையும். பின்தாங்கு கயிற்றை இழுத்துப் பிடிக்க ஆள் தூங்கினால் பாய்மரம் உடையும். இப்படி உச்சியிலிருந்து ஏற்றுவதற்கும் பல கமிட்டிகள் தனியாக ரேட்டிங் கழிக்கும். கழி, பௌஸ்பிரிட் இரண்டையும் சான்றிதழில் எழுதி வைத்தால் ஐ.ஆர்.சி.யில் இரண்டும் உள்ள படகாகவே ரேட்டிங் வரும். கழியைக் கரையில் வைத்துவிட்டு வந்தாலும் அன்றைக்குக் கழிவு நிற்காது. பயன்படுத்தாததைச் சான்றிதழிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இத்தனை தசமக் கணக்கும் ஒரு மோசமான திருப்பத்தில் கரைந்துபோகும் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு சுற்றுப் பந்தயத்தில் நாலு முதல் ஆறு தடவை பாயை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றவேண்டி வரும். ஒவ்வொன்றிலும் பத்து விநாடி மிச்சம் பிடித்தால் 40 முதல் 60 விநாடி. மேலே நாம் மல்லுக்கட்டிய 36 விநாடியைவிட அதிகம், ரேட்டிங் கழிவும் இல்லை. 33 அடிப் படகில் முறை எளிது: முன்தள ஆள் கழியைப் பாய்மரத்திலிருந்து கழற்றி, அந்த முனையைப் புதுப் பக்கத்துக் கயிற்றில் மாட்டி, கழியைக் குறுக்கே தள்ளி, பழைய முனையை விடுவித்துப் பாய்மரத்தில் மாட்டுகிறார். கெடுப்பது பெரும்பாலும் அவர் அல்ல, சுக்கான் பிடித்தவர். பாய்க்கு அடியிலேயே படகை வைத்து மெல்லத் திருப்பாமல் வெடுக்கென்று திருப்பினால் பாய் மெயினுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், கழி மாட்ட இடம் கிடைக்காது, முன்தள ஆள் வசவு வாங்குவார்.

பாய் ஏறும்போது நடுவில் முறுக்கிக்கொண்டு உடுக்கை போல நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் பையில் மடித்த விதம். தலைமூலையில் தொடங்கி ஒரு விளிம்பை முழுக்கக் கையால் தடவி வந்து, பிறகு மறுவிளிம்பையும் அப்படியே தடவி, மூன்று மூலைகளையும் தனித்தனியே பையின் வாயில் வைத்தால் முறுக்கே வராது. பலத்த காற்றில் ரப்பர் வளையமோ கம்பளி நூலோ போட்டுக் கட்டிவைத்தால் பாய் உச்சிக்குப் போகும்வரை விரியாது. ஏறிய பின் முறுக்கியிருந்தால் கயிற்றை இழுக்காதீர்கள், இன்னும் இறுகும். படகைக் காற்றோடு திருப்பி, மெயினின் நிழலில் பாயை விட்டு, பின்விளிம்பைப் பிடித்துக் கீழே இழுத்தால் அவிழும்.

பலத்த காற்றில் படகு சாய்ந்து, சுக்கான் நீரைவிட்டு எழுந்து, காற்றின் பக்கம் குப்புறத் திரும்புவது அடுத்த விபத்து. முதலில் விடவேண்டியது, மெயின் பாயின் அடியில் உள்ள கிடைக்கட்டையான பூமைக் கீழே பிடிக்கும் வாங் கயிறு. அதைவிட்டால் மெயினின் மேல்பகுதி காற்றை உதறிவிடும், பூம் நுனி நீரில் இழுபடாது. அதற்கு ஒரு ஆள் கயிற்றைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். பாய் இடவலமாக ஊஞ்சலாடத் தொடங்கினால் பாயின் மூலையை இழுத்துப் பிடிக்கும் ஷீட் கயிற்றின் வாங்குமிடத்தை முன்னால் இழுத்து, கழியைச் சற்று இறக்கி முன்னே விட்டால் அடங்கும். கழி முன்தாங்கு கம்பியில் போய் மோதாமல் இரண்டு விரற்கடை தள்ளி நிறுத்துங்கள்; கார்பன் கழி அந்த மோதலில் முறியும். சமச்சீரற்ற பாயில் முன்மூலைக் கயிற்றைப் பக்கக் காற்றில் இறுக்கி, பின்காற்றில் அரை மீட்டர் தளர்த்தினால் பாய் காற்றின் பக்கம் சுழன்று வந்து இன்னும் சில டிகிரி ஆழமாகப் போகவிடும்.

இறக்குவதில்தான் அதிகம் இழக்கிறார்கள், பேராசையால். குறிக்கு ஆறு படகு நீளம் முன்பே, அதாவது 60 மீட்டர் இருக்கும்போதே இறக்கினால் இழப்பு எவ்வளவு? 6 நாட் வேகத்தில் அந்தத் தூரம் 19 விநாடி. பாய் இல்லாமல் 5 நாட்டில் 23 விநாடி. இழப்பு நாலு விநாடி. கடைசி வரை வைத்திருந்து, அடிவிளிம்பை அள்ளிச் சேர்க்கும் முன்பே யாரோ ஹால்யார்டை விட்டுவிட்டால் பாய் நீரில் விழுந்து அணியத்துக்கு அடியில் போய் வலையாக விரியும். படகு நின்றே போகும். முதலில் அடிவிளிம்பு முழுக்கக் கைக்குள், பிறகுதான் ஹால்யார்ட்.

இவை எதுவும் பொருந்தாத படகுகளும் உண்டு. சென்னையின் கே.சி.கணபதியும் வருண் தாக்கரும் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டிய 49-இ.ஆர். வகையில் எல்லார் பாயும் ஒரே அளவு, ஹேண்டிகேப்பே கிடையாது. முதலில் வந்தவர் முதல்வர். வாசகர் மனதில் இருந்த பந்தயம் இதுவாக இருக்கலாம். ஸ்பின்னேக்கரே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஐ.ஆர்.சி. சான்றிதழில் ஸ்பின்னேக்கர் இல்லாத ஓட்டத்துக்கென்று தனிப் பெருக்கெண் அச்சிடப்பட்டிருக்கும். பழகாத நால்வரோடு மாலைப் பந்தயத்துக்குப் போகிறவர் அந்தப் பிரிவில் பெயர் கொடுப்பது கௌரவக் குறைவு அல்ல.

புதுப் பாய் வாங்கியே ஆகவேண்டும் என்பவர்கள் துணி வெட்டும் முன் ஒரு காரியம் செய்யலாம். ஐ.ஆர்.சி., ஓ.ஆர்.சி. (இன்னொரு சர்வதேச ஹேண்டிகேப் முறை) இரண்டிலும் கட்டணம் கட்டினால் சோதனைச் சான்றிதழ் கிடைக்கும். பாய் தைப்பவரிடம் உத்தேச அளவுகளை வாங்கி, இப்போதுள்ள பரப்புக்கு ஒன்று, பத்து சதவீதம் கூடுதலுக்கு ஒன்று, பத்து சதவீதம் குறைவுக்கு ஒன்று என மூன்று கேளுங்கள். மூன்று பெருக்கெண்களையும் உங்கள் கிளப்பின் போன பருவத்து முடிவுகளில் உங்கள் படகின் ஓடிய நேரத்தோடு பெருக்கிப் பாருங்கள். ஒவ்வொரு பந்தயத்திலும் எத்தனை விநாடி கூடுதலாகப் பின்காற்றில் பிடிக்க வேண்டியிருந்திருக்கும் என்பது தாளில் வந்துவிடும். பத்து சதவீதம் குறைத்த சான்றிதழை மறக்காமல் கேளுங்கள். பலத்த காற்று ஊர்களில் பல படகுகளுக்குச் சரியான விடை அதில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
பாய்மரப் பந்தய ஆர்வலர்,
சென்னை.